ஆறுக்கு எட்டு: சின்னச் சமையலறையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சமையலறையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "வேற விஷயமே கெடைக்கலியா ஒமக்கு?" என்று சிரித்தார். விஷயங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் வரலாறு என்று நாம் இதுவரை எழுதிவந்ததில் பெரும்பகுதி கூடத்தில் உட்கார்ந்து பேசியவர்களின் வரலாறு. அந்தப் பேச்சுக்கு நடுவே உள்ளேயிருந்து காப்பி வந்துகொண்டே இருந்ததை யாரும் அவ்வளவாகக் குறித்துவைக்கவில்லை. நானும் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்த ஆள்தான். குற்றவுணர்வில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

தீபாவளி, பொங்கல் வந்தால் போதும், பெண்கள் பத்திரிகைகள் இலவச இணைப்பு ஒன்றைச் சொருகிவிடும். சின்ன வீட்டில் பெரிய விருந்து, அரை மணியில் பத்துப் பேருக்குச் சமையல் என்கிற ரீதியில் அதில் குறிப்புகள் இருக்கும். இவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'எளிது'. யாருக்கு எளிது, எதிலிருந்து எளிது, எளிதாக்கப்பட்ட வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. இந்த 'எளிது' ஒரு வரலாற்றுச் சொல். அதற்குப் பிறந்த இடமும் அளவும் உண்டு.

எனக்கு அந்த அளவு ஆறுக்கு எட்டு அடி. 1982 தீபாவளிக்கு நாங்கள் சென்னையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பொன்றின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வாரியம் கட்டி ஒருவருக்கு ஒதுக்கி, அவர் எங்களுக்கு வாடகைக்கு விட்டது. வழக்கமாகத் தீபாவளிக்கு விருத்தாசலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போய்விடுவோம். அந்த வருஷம் ஆயாவுக்கு இங்கே கண் ஆபரேஷன். அதனால் ஊரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பெரியப்பா வீட்டில் ஐந்து பேர், அத்தை வீட்டில் நாலு பேர், ஆயா, நாங்கள் நாலு பேர். மொத்தம் பதினாலு.

பெரியம்மா பையை இறக்கிவைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "ஏ புள்ள, இதுல ஒரு ஆளு திரும்பணும்னா இன்னொரு ஆளு வெளிய போவணும் போலருக்கே. இதுலயா நீ தெனம் ஆக்கித் திங்கிற?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "ஒரு ஆளுக்குத்தானே அக்கா கட்டியிருக்கான்" என்றார். அந்த 'ஒரு ஆளுக்கு' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

2

'ஒரு ஆள் சமையலறை'யின் பிறப்பிடம் என்று கட்டடக்கலை வரலாறு காட்டும் ஊர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட். முதல் உலகப்போருக்குப் பின் அங்கே கடுமையான வீட்டுப் பஞ்சம். 1925இல் நகர நிர்வாகம் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவருடைய குழுவில் இருந்தவர் மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல், தன் 29ஆம் வயதில், அவர் வரைந்ததுதான் 'பிராங்க்பர்ட் சமையலறை'. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள்.

இந்த அறைக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, 'வீண்' அசைவுகளை வெட்டி எறிந்தவர் ஃபிரெடரிக் டெய்லர். அவருடைய 'அறிவியல் மேலாண்மை' நூல் 1911இல் வந்தது. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கிறிஸ்டீன் ஃபிரெடரிக். சமைக்கும் பெண் அடுப்பிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்று வரைபடம் போட்டு அளந்தார். அவருடைய நூல் 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டது. ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி அதைப் படித்தார். ரயிலின் உணவுப்பெட்டியில் சிறு இடத்துக்குள் நூறு பேருக்குச் சமைப்பதையும் முன்மாதிரியாகக் கொண்டார்.

அந்த அறையில் ஒவ்வொன்றுக்கும் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்புகள். பூச்சி அண்டாமலிருக்க மாவுக்கு ஓக் மரப் பெட்டி. ஈ உட்காராது என்ற நம்பிக்கையில் நீலப்பச்சை வண்ணம். உட்கார்ந்தபடி நறுக்கச் சுழலும் முக்காலி. மடக்கிவைக்கும் இஸ்திரிப் பலகை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நகரும் கதவு. திறந்தால் கூடத்தில் விளையாடும் குழந்தை கண்ணில் படும். சாத்தினால் புகையும் வாசனையும் கூடத்துக்குப் போகாது. இந்தக் கதவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குத் திரும்பி வருவேன்.

ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கியை வில்லியாக்குவது சுலபம், ஆனால் அநியாயம். பெண்களின் சுமையைக் குறைத்து அவர்களுக்கு நேரம் மீட்டுத் தரவேண்டும் என்றே அவர் நினைத்தார். இடதுசாரி. 1930இல் மே குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போனார். பிறகு நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து 1941இல் வியன்னாவில் கைதாகி, போர் முடியும்வரை சிறையில் இருந்தார். 2000இல், 103ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். அந்த அறையை வரையும்வரை தனக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நம்ம ஊரில் இதைக் கேட்டால் பெரியம்மா, "அதான பாத்தேன்" என்பார்.

நேரத்தை மீட்டுத் தந்த அந்த அறை வேறொன்றை எடுத்துக்கொண்டது. அதுவரை ஜெர்மன் தொழிலாளி வீடுகளில் அடுப்பு இருந்த அறையில்தான் சாப்பாடும் பேச்சும் குழந்தைகளின் படிப்பும் நடந்தன. புதிய அறையில் ஒருத்தி மட்டுமே நிற்கலாம். குடிவந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். 1970களின் பெண்ணியவாதிகள் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்கள்: வேலையைப் பகிர வழியில்லாத அறை, வேலை ஒருத்தியுடையது என்பதைச் சிமெண்டிலேயே எழுதிவிடுகிறது. உடல்களை இடத்தில் பகிர்ந்து வைப்பதன் வழியாகவே நவீன அதிகாரம் ஒழுங்கை உண்டாக்குகிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதியது சிறைக்கும் பள்ளிக்கும் படைமுகாமுக்கும் மட்டுமல்ல, அடுப்பங்கரைக்கும் பொருந்தும்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. டெய்லரின் கடிகாரம் அளந்தது அன்றாடத்தை. பண்டிகையை அல்ல. பண்டிகை என்பதே 'வீண்' அசைவுகளின் கூட்டம். நாலு பெண்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மாவு பிசைவது, ஒருத்தி சுட்டு எடுக்க இன்னொருத்தி ருசி பார்ப்பது, நடுவில் ஒரு சண்டை, ஒரு அழுகை. நடையைக் குறைக்க வந்த அறைக்கு இதெல்லாம் விளங்காது.

3

இதே சிக்கலைச் சோவியத் மக்கள் வேறுவிதமாகத் தீர்த்தார்கள். சமையலையே வீட்டைவிட்டு வெளியேற்றவேண்டும், பொது உணவகங்கள் பெண்ணை அடுப்பிலிருந்து விடுவிக்கும் என்பது புரட்சியின் கனவு. 1920களில் 'ஆலைச் சமையற்கூடங்கள்' கூடக் கட்டினார்கள். கனவு நிலைக்கவில்லை. நடைமுறையில் நகரவாசிகளுக்குக் கிடைத்தது பல குடும்பங்கள் ஒரே அடுப்பறையைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுக் குடியிருப்பு. யார் யாருடைய மண்ணெண்ணெயை எடுத்தது, யார் யாருடைய சூப்பை மோந்து பார்த்தது என்று சண்டை. கூட்டு என்பதே கண்காணிப்பானது.

1957 ஜூலையில் குருஷேவ் அரசு வீட்டுவசதித் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு என்று ஐந்து மாடிக் கட்டடங்கள் வரிசைவரிசையாக எழுந்தன. சமையலறை ஐந்தாறு சதுர மீட்டர்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. அந்த இத்தனூண்டு அறைகளில்தான் அடுத்த முப்பது ஆண்டுகள் மாஸ்கோவின் ரகசியப் பேச்சும் தடைசெய்யப்பட்ட பாட்டும் தட்டச்சுப் பிரதிகளும் புழங்கின. பிராங்க்பர்ட்டில் பெண்ணைத் தனிமைப்படுத்திய அதே அளவு அறை, இங்கே கூடத்துக்கு மாற்றான கூடமாயிற்று. அறையின் அளவு மட்டும் எதையும் தீர்மானித்துவிடுவதில்லை.

விருந்துக்கும் அவர்கள் வழி கண்டார்கள். 1947 டிசம்பர் ஆணைக்குப் பிறகு ஜனவரி 1 விடுமுறை நாளானது. புத்தாண்டு இரவு சோவியத் வீடுகளின் பெரிய பண்டிகை. அதன் உணவுகளைப் பாருங்கள். 'ஒலிவியே' சாலட்: வேகவைத்த உருளைக்கிழங்கு, காரட், முட்டை, ஊறவைத்த வெள்ளரி, டப்பாப் பட்டாணி, கொத்துக்கறிச் சாசேஜ், மயோனைஸ். பக்கத்தில் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் போர்த்திய உப்பு மீன். எல்லாம் ஆறிய பண்டங்கள். முதல்நாளே செய்து குளிரில் வைத்துவிடலாம். விருந்தாளி வந்தபின் அடுப்புக்கு வேலையே இல்லை. மடக்குமேசையைக் கூடத்தில் விரித்தால் பன்னிரண்டு பேர். சின்ன அறை ஒரு தேசத்தின் பண்டிகை ருசியையே ஆற்றிக் கொடுத்துவிட்டது. ஆனால் முதல்நாள் முழுக்க நின்று காய்களைச் சதுரம் சதுரமாக நறுக்கியவள் யார் என்று கேட்டால், பதில் பிராங்க்பர்ட் பதில்தான்.

1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் ஒரு மாதிரிச் சமையலறைக்கு முன் நின்று நிக்சனும் குருஷேவும் எந்த அமைப்பு மேல் என்று வாதாடினார்கள். இரண்டு ஆம்பளைகள். இருவரும் வீட்டில் பாத்திரம் கழுவியதாகத் தகவல் இல்லை.

4

அதே 1959இல் ஹாக்கின்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. பிரஷர் குக்கர் இந்திய நடுத்தர வர்க்கத்தின் சீர்வரிசையில் ஏறிய காலம் அது. அதற்கு முன் 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார ஆட்டுக்கல்லை உண்டாக்கியிருந்தார். 1963இல் மும்பையில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், மனைவி வைத்திருந்த பிரவுன் மிக்ஸி நம்ம ஊர் அரைப்புக்கு ஈடுகொடுக்காமல் பழுதானதால், தானே ஒன்றைச் செய்தார். அதுதான் 'சுமீத்'. பிரவுன், பிராங்க்பர்ட்டில் 1921இல் பிறந்த கம்பெனி. பிராங்க்பர்ட் இப்படியும் ஒருதடவை நம் சமையலறைக்குள் வந்து, மஞ்சளையும் உளுந்தையும் அரைக்கமுடியாமல் திரும்பிப் போயிருக்கிறது.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அதை வெறும் சமையல் புத்தகமாக நான் பார்ப்பதில்லை. பக்கத்தில் மாமியாரோ பெரியம்மாவோ இல்லாமல், வேற்றூரில், ஒண்டியாக அடுப்பின்முன் நிற்கும் பெண் ஒருத்தி உருவாகிவிட்டாள் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி. வாய்வழியாக வந்த அறிவு அளவுகளாகவும் பக்கங்களாகவும் மாறுகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஒரு சாதியின் சைவச் சமையல், 'சமையல்' என்ற பொதுப்பெயரில் அச்சேறுகிறது. கறியும் கருவாடும் அச்சுக்கு வெளியே நின்றன.

1961இல் வீட்டுவசதி வாரியம் அமைந்தது. வாரியக் குடியிருப்புகளின் வரைபடத்தில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உரலுக்கும் இடமில்லை. எங்கள் வீட்டில் அம்மி பால்கனியில் கிடந்தது. அம்மா மசாலா அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் கரண்டியால் கூரையைத் தட்டுவார். வீட்டில் கிரைண்டர் கிடையாது. இரண்டு தெரு தள்ளி, கிரைண்டர் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் காசு கொடுத்து அரைத்து வாங்குவோம். காஸுக்கு எழுதிவைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருந்தவை ஒரு திரி ஸ்டவ், ஒரு பம்ப் ஸ்டவ்.

இனி 1982 தீபாவளிக் கணக்கைப் பார்க்கலாம். பதினாலு பேருக்கு ஆளுக்கு ஐந்து இட்லி, எழுபது. எங்கள் பானையில் ஈட்டுக்குப் பன்னிரண்டு. ஆறு ஈடு, ஈட்டுக்குக் கால்மணி, ஆக ஒன்றரை மணி நேரம் ஒரு ஸ்டவ் மாட்டிக்கொண்டது. இன்னொன்றில் கறி. பதினாலு பேர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர்? ஊரில் கொல்லையில் வெந்நீர் அடுப்பு தனியாக எரியும், தவலை நிறையக் கொதிக்கும். இங்கே வெந்நீருக்கும் இட்லிக்கும் ஒரே நெருப்பு.

பெரியம்மா சமையலறையைத் தோற்கடித்தார் என்றுதான் சொல்லவேண்டும். முந்தின நாள் சாயங்காலமே என்னையும் பெரியப்பா பையன்களையும் மொட்டை மாடிக்கு அனுப்பி, செங்கல் மூன்றை வைத்து அடுப்புக் கூட்டச் சொன்னார். வெந்நீர் மாடிக்குப் போனது. கூடத்தில் பேப்பரை விரித்து, அரிவாள்மணையைப் போட்டு, நறுக்கும் வேலையெல்லாம் வெளியே வந்தது. எங்களுக்குச் சின்ன வெங்காயம். "பொம்பள வேல ஆம்பள வேலன்னு பாத்துக்கிட்டிருந்தா பொழுது விடிஞ்சிடும். உரிங்கடா." அப்பாவும் பெரியப்பாவும் தீபாவளி மலரை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் வெங்காயம் கொடுக்கப்படவில்லை. இதைப் பெண்விடுதலை என்று நான் கதைகட்டவரவில்லை. ஆனால் அடுப்பைத் தவிர மற்ற எல்லா வேலையும் அந்த அறையைவிட்டு வெளியேறியதும், ஆறுக்கு எட்டு அடிக்குள் அம்மாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. கல்யாண வீட்டில் கோட்டையடுப்பு வெட்டும் அறிவுதான் அது. விருந்தை வீட்டுக்குள் அடைக்காதே, வெளியே பரப்பு. டெய்லருக்கு நேர் எதிர்.

5

கறி, குக்கரில் வெந்தது. அதுதான் வினையாயிற்று. வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கும்போதே, "கறி மீன் மட்டும் வேண்டாம், அக்கம்பக்கம் ஒரு மாதிரி" என்று சொல்லியிருந்தார். அப்பா தலையாட்டியிருந்தார். அதற்குமுன் நாலு வீடு பார்த்து, சாதியைக் கேட்டுத் திருப்பியனுப்பப்பட்டிருந்தோம். இரண்டு வருஷமாக அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி வைத்து, ஊதுவத்தி கொளுத்திக் கறி சமைத்தார். அன்றைக்குப் பெரியம்மா, "தீபாவளிக்குக் கறி ஆக்கறது என்னா திருட்டு வேலையா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டார். குக்கர் விசில் அடிக்க அடிக்க, ஆவியோடு வாசனை மாடிப்படி முழுக்க இறங்கியது. எரிபொருளை மிச்சப்படுத்திய அதே கருவி எங்களைக் காட்டியும் கொடுத்தது.

முதல் பந்தி முடிகிற நேரம் வீட்டுக்காரர் வந்து நின்றார். "சார், நான் சொன்னனே..." ஆபீசில் யாருக்கும் வளையாத அப்பா எச்சில் கையோடு எழுந்து நின்றார். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, "வாங்க, ஒக்காருங்க, எல போடட்டுமா?" என்றார். கிண்டல் இல்லை. பண்டிகை நாளில் வாசலில் வந்து நின்றவரிடம் வேறென்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பேசாமல் இறங்கிப் போனார். தை பிறக்குமுன் வீட்டைக் காலி செய்தோம். வாடகையை ஏற்றிவிட்டார்கள், அதனால் வந்துவிட்டோம் என்றே அப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிவந்தார். வாய் தவறியும் கறி என்று சொன்னதில்லை.

பிராங்க்பர்ட்டின் நகரும் கதவை நினைவில் வைக்கச் சொன்னேன். அங்கே அது முட்டைக்கோஸ் வாசனையைக் கூடத்துக்கு வராமல் தடுத்தது. அதே அறை இங்கே குடியேறியபோது வாசனைக்குச் சாதி இருந்தது. ஊரில் தெருவாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்களை மாடிமேல் மாடியாகக் குடிவைத்தது நவீன அடுக்ககம். தெரு போனபின் எல்லைக்கோடு மூக்குக்கு மாறியது. நவீனம் சாதியைக் கரைத்தது என்பாரும் இறுக்கியது என்பாரும் இந்த மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கவேண்டும்.

அப்படியானால் பொதுச் சமையல் வழியா? அதே 1982 ஜூலை 1 அன்றுதான் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்தோறும் அரசாங்கத்தின் அடுப்பு, பெண்களுக்கு வேலை, பிள்ளைகளுக்குச் சமபந்தி. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் 2018இல் அவிநாசி பக்கத்தில் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்து வழக்காகியது. அடுப்பைப் பொதுவாக்கலாம். ஆக்குகிற கையைப் பொதுவாக்க அது மட்டும் போதவில்லை.

6

1988இல் வெளிவந்த அம்பையின் தொகுப்புக்குத் தலைப்பே 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. மூலை என்ற அந்தச் சொல்லை நாம் அப்போது குறியீடாக மட்டும் வாசித்தோம். அதை அளந்தும் பார்த்திருக்கலாம். அடி என்ன, ஜன்னல் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எத்தனை பேர் நிற்கலாம், யார் வாசனை வெளியே போகலாம் என்றெல்லாம். கோட்பாட்டுக்கும் டேப்புக்கும் பகை இல்லை.

இப்போது நான் சொந்த அடுக்கக வீட்டில் இருக்கிறேன். சமையலறை ஏழுக்கு ஒன்பது. போன தீபாவளிக்குப் பதினொரு பேர். பெரியம்மா வழியைத்தான் பின்பற்றினோம். மாவு முதல்நாளே தயார், குழம்பு ராத்திரியே கொதித்து இறங்கிவிட்டது. மறுநாள் அது இன்னும் ருசி. காலையில் அடுப்பில் இட்லி மட்டும், கடைசியில் வடை. நறுக்கல், உரித்தல், துருவல் எல்லாம் கூடத்துத் தரையில். வாழையிலை, அதனால் கழுவல் பாதி. வெங்காயம் உரித்ததும் மசாலா வறுத்ததும் நான். கட்டுரைக்காக அல்ல, கொஞ்ச வருஷமாகவே. இதைப் படித்துக் காட்டியபோது மனைவி, "நீங்க ஒருநாள் உரிச்சத எழுதிட்டீங்க. மீதி நாள் உரிச்சத யாரு எழுதுவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதனால் அதையும் எழுதிவைக்கிறேன்.

மொட்டை மாடிக்குப் போகமுடியவில்லை. சங்கம் பூட்டிவைத்திருக்கிறது. 'மாடியில் சமைக்கக் கூடாது' என்று பலகையும் உண்டு. கறி சமைக்கக் கூடாது என்று பலகை எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாடகைக்கு வந்தபோது, பார்க்க வந்த இளம் தம்பதியிடம் செயலாளர் கேட்ட முதல் கேள்வியை லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். "நீங்க வெஜ்தானே?" அந்தப் பையன் தலையாட்டினான். அப்பா ஆட்டியதைப் போலவே இருந்தது.